கழல மாட்டேங்கிற கிளட்சும், ஊரை விட்டுப் போகாத இஞ்சும்



சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாச்சு. அடுத்த மழை வரைக்கும் காட்டுல பெருசா வேலை இல்லை. இந்த இடைவெளியில சித்தப்பாவோட பழைய புல்லட் 350-ஐ என்ஜின் இறக்கி வேலை பாத்துக்கிட்டிருக்கோம். பதினஞ்சு வருசமா மாட்டுக்கொட்டாய் ஓரத்துல சாக்கு போத்திக்கிட்டு நின்ன வண்டி. இதுல எங்களை ரெண்டு நாள் முழுசா நிக்க வெச்சது கிளட்ச். அது ஏன் அப்படி அடம் பிடிக்குதுன்னு யோசிச்சப்போ, பதில் எங்க ஊரைத் தாண்டி, திருவொற்றியூரைத் தாண்டி, இங்கிலாந்து வரைக்கும் போச்சு. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன். பழைய புல்லட் வாங்கி ஓட்டணும்னு ஆசைப்படற டவுன் தம்பிங்க நிறையப் பேர் இருக்கீங்க. உங்களுக்கும் உதவும்.

முதல்ல கிளட்ச்னா என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன். புல்லட்டோட இடது பக்கம் ஒரு பெரிய அலுமினியப் பெட்டி இருக்குமுங்க. அதுக்குள்ள என்ஜின்ல இருந்து வர்ற ரெட்டைப் பல் சங்கிலி, பின்னால இருக்கிற கிளட்சைச் சுத்தும். கிளட்சுக்குள்ள இரும்புத் தட்டும் உராயற தட்டும் மாத்தி மாத்தி, இட்லித்தட்டு அடுக்கின மாதிரி இருக்கும். ஸ்பிரிங் அதுகளை அழுத்திப் பிடிக்கும்போது என்ஜினோட சக்தி கியர்பாக்ஸுக்குப் போகும். நீங்க கையில லீவரை அமுக்கினா, கியர்பாக்ஸ் தண்டுக்கு நடுவுல இருக்கிற ஓட்டை வழியா ஒரு கம்பி வந்து தட்டுகளைத் தளர்த்தும். அவ்வளவுதான்.

பிரிக்கிற வரிசையும் சுலபந்தான். இடது கால் மிதி, பிரேக் மிதி ரெண்டையும் கழட்டணும். பழைய புல்லட்ல பிரேக் இடது காலுக்கு, கியர் வலது காலுக்கு. அந்தப் பெட்டியோட மூடியை ஒரே ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கும். அடியில ஒரு தட்டத்தை வெச்சு எண்ணெயைப் பிடிச்சுக்கிட்டு மூடியை எடுத்துடலாம். அப்புறம் ஸ்பிரிங் திருகுகள், அழுத்துத் தட்டு, உள் தட்டுகள். இது வரைக்கும் பத்தாவது படிக்கிற பையன் கூடச் செஞ்சிடுவான்.

அதுக்கப்புறம் ரெண்டு விசயம் பாக்கி இருக்கும். தண்டு முனையில ஒரு நட்டு. அதுக்கு உள்ள, தண்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற நடுப்பகுதி. இதைத்தான் பட்டறையில ஹப்புன்னு சொல்றோம். இந்த ரெண்டும்தான் கழல மாட்டேன்னு நிக்கும்.

எங்க வண்டியில அந்த நட்டைப் பாத்தீங்கன்னா ஆறு மூலையில நாலு மூலை மழுங்கிக் கிடந்தது. பக்கவாட்டுல உளி வெட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு வெட்டு எண்ணினேன். சிலது பழசு, கறுத்துப் போயிருந்தது. சிலது கொஞ்சம் புதுசு. அதாவது இந்த வண்டி அம்பது வருசத்துல மூணு நாலு கை மாறி பிரிபட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் சரியான சாவி இல்லாம, உளியை வெச்சு சுத்தியால அடிச்சுத்தான் கழட்டியிருக்காங்க. பழைய கிணத்துக் கல்லுல கயிறு அறுத்த தடம் மாதிரி, இந்த நட்டுலயும் வந்துபோனவங்க தடம் இருக்கு.

சரி, சரியான சாவி ஏன் இல்லாம போச்சு? இங்கதான் வரலாறு வருதுங்க.

நட்டு, போல்ட்டுன்னு நாம சுலபமாச் சொல்றோம். இருநூறு வருசத்துக்கு முன்னால இங்கிலாந்துல ஒரு பட்டறையில செஞ்ச போல்ட் அடுத்த பட்டறை நட்டுல ஏறாது. ஒவ்வொருத்தரும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டினாங்க. ஜோசப் விட்வொர்த்துன்னு ஒரு இயந்திரக்காரர், பல பட்டறையில இருந்து போல்ட்டுகளைச் சேத்து, அளந்து, அதுல இருந்து ஒரு பொது அளவை எடுத்து 1841-ல முன்வெச்சார். மரையோட கோணம் 55 டிகிரி. இந்த விட்டத்துக்கு இஞ்சுக்கு இத்தனை சுத்துன்னு கணக்கு. ரயில் கம்பெனிகள் அதை எடுத்துக்கிட்டதும் நாடு முழுக்கப் பரவிடுச்சு. பின்னால அதை விட நெருக்கமான மரை வேணும்னு இன்னொரு வகை வந்தது. சைக்கிள் செய்யறவங்க தங்களுக்குன்னு தனியா ஒரு மரை வெச்சுக்கிட்டாங்க. அதோட கோணம் 60 டிகிரி.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. கால் இஞ்ச் நெருக்க மரைக்கும் இஞ்சுக்கு 26 சுத்து. கால் இஞ்ச் சைக்கிள் மரைக்கும் 26 சுத்து. கோணம் மட்டும் அஞ்சு டிகிரி வேற. ஒண்ணுல ஒண்ணு ஏறற மாதிரியே இருக்கும். பலம் போட்டுத் திருப்பினா ஏறியும் போயிடும். ஆனா உள்ள மரை நசுங்கியிருக்கும். பத்து வருசம் கழிச்சு அதைக் கழட்டறவன் பாடு திண்டாட்டம்.

சாவியிலயும் இதே குழப்பம். இன்னிக்கு 14-ம் நம்பர் சாவின்னா நட்டோட ரெண்டு பக்கத்துக்கு நடுவுல 14 மில்லிமீட்டர்னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலீஷ் சாவியில கால் இஞ்ச்னு போட்டிருந்தா, அது நட்டோட அகலம் இல்லைங்க. உள்ள இருக்கிற போல்ட்டோட தடிமன். நட்டோட அகலம் அரை இஞ்சுக்கும் கொஞ்சம் மேல, நம்ம கணக்குல சுமார் 13.3 மில்லிமீட்டர். இப்போ உங்க கிட்ட மில்லிமீட்டர் சாவி மட்டும் இருக்குன்னு வெச்சுக்கோங்க. 13 உள்ள போகாது. 14 போகும், ஆனா ஆடும். அந்த முக்கால் மில்லிமீட்டர் ஆட்டத்துலதான் நட்டோட மூலை மழுங்குது. மூலை மழுங்கினா அடுத்தது உளிதான்.

மோட்டார் சைக்கிள் கதைக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துல ரெட்டிச்ங்கிற ஊர்க் கம்பெனி. அந்த ஊர் மோட்டார் வர்றதுக்கு முன்னால தையல் ஊசிக்குப் பேர் போனது. சைக்கிள் செஞ்சுக்கிட்டிருந்த அந்தக் கம்பெனி 1901-ல மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. சைக்கிள் மரையும் கூடவே வண்டிக்குள்ள வந்துடுச்சு. இங்கே மெட்ராஸ் மோட்டார்ஸ் இந்த வண்டிகளை இறக்குமதி பண்ணி வித்தாங்க. ராணுவத்துக்கும் போலீசுக்கும் எல்லைப் பக்கம் ஓட்ட உறுதியான வண்டி தேவைப்பட்டது. 1955-ல ரெண்டு கம்பெனியும் சேந்து என்ஃபீல்டு இந்தியா உண்டாச்சு. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல இங்கிலாந்துல இருந்து வந்த பாகங்களைப் பூட்டினாங்க. 1962 வாக்குல எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க.

இப்போ இன்னொரு வருசத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1956-ல நம்ம நாட்டுல எடை அளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல நயா பைசா வந்தது. அதுக்கு அடுத்த வருசம் கிலோ வர ஆரம்பிச்சது. நாடு அணாவையும் சேரையும் இஞ்சையும் விட்டுட்டு பைசாவுக்கும் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறத் தயாரான நேரம். அந்த நேரத்துலதான், இஞ்ச் கணக்குல வரைஞ்ச புல்லட்டோட வரைபடம் மெட்ராசுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு. வீட்டை வெள்ளையடிக்க ஆரம்பிச்ச அன்னிக்குப் பழைய பீரோ வந்து இறங்கின மாதிரி.

அந்தப் பக்கம் இங்கிலாந்துல என்ன ஆச்சுன்னா, 1960-கள்ல அவங்களே மில்லிமீட்டருக்கு மாற ஆரம்பிச்சாங்க. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடிட்டாங்க. 1970-ல அங்கே உற்பத்தியே நின்னு போச்சு. ஆனா திருவொற்றியூர்ல அதே வண்டி, அதே வரைபடம், அதே மரையோட தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தது. அங்கங்கே மில்லிமீட்டர் போல்ட் நுழைஞ்சாலும் அஸ்திவாரம் இஞ்சுதான். 1977-ல இங்கே செஞ்ச புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. பெத்த வீட்டுல மறந்து போன அளவு, வளத்த வீட்டுல இருந்து திரும்பிப் போச்சு.

இதே நேரத்துல மைசூர்ல ஜாவா வந்தது. அது செக்கோஸ்லோவாகியா வண்டி. ராஜ்தூத் வந்தது. அதோட மூலம் போலந்து. ரெண்டும் மில்லிமீட்டர் நாட்டு வண்டிங்க. ஆக, 1960, 70-கள்ல ஒரு கிராமத்துப் பட்டறைக்காரர் காலையில ராஜ்தூத்தும் சாயங்காலம் புல்லட்டும் பாக்கணும்னா ரெண்டு செட் சாவி வேணும். ஒரு செட் வாங்கவே ஒரு மாட்டை விக்கணும்ங்கிற நிலைமை. மில்லிமீட்டர் செட் ஒண்ணுதான் வாங்குவாங்க. மீதியை உளி பாத்துக்கிச்சு. எங்க வண்டி நட்டுல இருக்கிற ஏழு வெட்டும் அந்த ஆளுங்களோட முரட்டுத்தனம்னு நான் நினைக்கலைங்க. வண்டி ஊருக்கு வந்தது, வண்டிக்கான ஆயுதம் ஊருக்கு வரலை. விசயம் அவ்வளவுதான்.

விவசாயத்துலயும் இதைத்தானே பாத்துக்கிட்டிருக்கோம்? விதை வரும், மருந்து வரும், மெஷின் வரும். அதைச் சரி பண்ற சாமானும் சொல்லித் தர்ற ஆளும் பின்னாடி எப்பவாவது வருவாங்க, இல்லைன்னா வரவே மாட்டாங்க.

வராத ஆயுதத்தை என்ன பண்ணினாங்க? நாமளே செஞ்சுக்கிட்டோம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு இது புதுசு இல்லைங்க. கலங்கல் கிராமத்துல 1893-ல பொறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட மோட்டார் சைக்கிளைப் பாத்து மயங்கி, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து, ஒரு ரட்ஜ் வண்டியை வாங்கி, பிரிச்சுப் பிரிச்சுப் பூட்டித்தான் இயந்திரம் கத்துக்கிட்டார். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணத்துக்கெல்லாம் மோட்டார் பம்பு வந்தது. அதைச் செய்ய வார்ப்படப் பட்டறைங்க, அதுக்குத் துணையா லேத்துப் பட்டறைங்கன்னு வரிசையா முளைச்சுது. பம்புக்காக வந்த லேத்துதான் புல்லட்டுக்கும் புல்லர் செஞ்சு குடுத்தது.

எங்க ஊர் லேத்துக்கார அண்ணனுக்கு இப்போ எழுபத்தி மூணு வயசு. அவர் கிட்ட ஒரு மரப்பெட்டி இருக்கு. அதுக்குள்ள அவரே கடைஞ்ச ஒரு வட்டத் தட்டு. ஓரத்துல ஓட்டைகள், நடுவுல மரை வெட்டி ஒரு தடிச்ச போல்ட். ஹப்புல ஸ்பிரிங் திருகு ஏறற ஓட்டைகள்லயே இந்தத் தட்டைப் பூட்டிட்டு, நடு போல்ட்டைத் திருப்பினா அது தண்டைத் தள்ளும், தட்டு ஹப்பை இழுக்கும். கம்பெனியில இதுக்குன்னு தனிக் கருவி இருக்கு. இவர் அதைப் பாத்தது இல்லை. வண்டியைப் பாத்தே வடிவத்தைக் கண்டுபிடிச்சிருக்கார். பெட்டியில இன்னொண்ணும் இருந்தது. பழைய கிளட்ச் தட்டுல ஒரு இரும்புப் பட்டையை வெல்டு வெச்ச கைப்பிடி. நட்டைத் திருப்பும்போது கிளட்ச் கூடவே சுத்தாம பிடிச்சுக்கறதுக்கு.

அவர் வந்து எங்க வண்டியைப் பாத்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, சுத்தியத் தூரமா வெய்யி. உள்ள போன வழி எதுன்னு பாரு. அதே வழியிலதான் வெளிய வரும்."

அவர் செஞ்ச முறையை வரிசையாச் சொல்றேன், குறிச்சு வெச்சுக்கோங்க.

முதல்ல நட்டுக்கு அடியில இருக்கிற லாக் வாஷர். அதோட ஒரு காது நட்டுப் பக்கமா மடிச்சிருக்கும். அதை நிமித்தாம நட்டைத் திருப்பறவங்கதான் அதிகம். அவர் ஒரு மழுங்கின உளியால மெதுவா நிமித்தி விட்டார். அப்புறம் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து மரையில விட்டுட்டு, "போய்ச் சாப்பிட்டு வா" ன்னார். ஒரு ராத்திரி ஊற விட்டோம். மறுநாள் மழுங்கின மூலைகளை அரத்தால ராவி, அந்த அளவுக்கே ஒரு பெட்டிச் சாவியைக் கடைஞ்சு எடுத்துட்டு வந்திருந்தார். வெல்டு வெச்ச கைப்பிடியால கிளட்சைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரே சீரா, நிதானமா அழுத்தினார். கிரீச்சுன்னு ஒரு சத்தம். நட்டு வந்துடுச்சு.

நட்டை முழுசா எடுக்கலை. தண்டு முனை வரைக்கும் திருப்பி அங்கேயே விட்டார். புல்லர் அழுத்தும்போது தண்டு முனை மரை நசுங்காது, ஹப்பு திடீர்னு விட்டா எகிறி விழவும் செய்யாது. தண்டு நடுவுல ஓட்டை இருக்கிறதால, உள்ள இருக்கிற தள்ளுகம்பியை உருவிட்டு, முனைக்கு ஒரு சின்ன இரும்புத் தொப்பி வெச்சார். அப்புறம் புல்லர். நடு போல்ட்டை இறுக்கறது, நிறுத்தறது. காத்திருக்கறது. போல்ட் தலையில லேசா ஒரு தட்டு. திரும்பக் கொஞ்சம் இறுக்கறது. நாலாவது தடவையில டக்குன்னு ஹப்பு அசைஞ்சுது. என்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தையும் அதே நேரத்துல இழுக்கணும், ஏன்னா சங்கிலிக்கு இணைப்பு கிடையாது. ரெண்டு சக்கரமும் சங்கிலியுமா ஒண்ணாத்தான் வெளிய வரணும்.

சுத்தியால ஹப்பை அடிச்சா என்ன ஆகும்னு கேட்டேன். ஓரத்துல அடிச்சா ஹப்பு கோணும். கோணின ஹப்புல தட்டு சமமா உக்காராது. லீவரை அமுக்கினாலும் கிளட்ச் முழுசா விடாது, கியர் போடும்போதெல்லாம் கரகரன்னு கத்தும். தண்டு முனையில அடிச்சா அந்த அடி நேரா கியர்பாக்ஸ் பேரிங்குக்குப் போகும். "அடிச்சவன் கழட்டிடுவான் தம்பி. ஓட்டறவன் அனுபவிப்பான்" ன்னார்.

பிஎஸ்ஏ, ட்ரையம்ப் மாதிரி சில பழைய இங்கிலீஷ் வண்டிகள்ல கிளட்ச் நடுப்பகுதி கூம்பான தண்டு மேல ஏறியிருக்கும். இறுக்க இறுக்கக் கவ்விப் பிடிக்கும், கோடாலிக்குக் காம்பு போட்ட மாதிரி. அதுக்கும் இதே மருந்துதான். புல்லரால இழுத்து வெச்சுட்டு, போல்ட் தலையில ஒரு தட்டு.

இஞ்ச் கதை புல்லட்டோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. என் தோட்டத்துல போர்ல இறக்கியிருக்கிற ஜி.ஐ. குழாயை இன்னிக்கும் ஒண்ணேகால் இஞ்ச், ரெண்டு இஞ்ச்னுதான் வாங்கறோம். அந்தக் குழாய் முனையில இருக்கிற மரை விட்வொர்த் வெச்ச அதே 55 டிகிரி. பட்டாவுல ஹெக்டேர், ஏர்னு போட்டிருக்கான். வரப்புத் தகராறு வந்தா ஏக்கர், சென்டுன்னுதான் பேசறோம். அரசாங்கம் அளவை மாத்திச் சட்டம் போட்டுடலாம். மண்ணுக்குள்ள இறங்கினதும் இரும்புக்குள்ள இறங்கினதும் அதுபாட்டுக்கு இருக்கும். அதைக் கழட்டற ஆளு மட்டும் காணாமப் போயிடுவார்.

அந்த விசயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். இந்த வகை என்ஜின் நின்னு போச்சு. இப்போ வர்ற புல்லட்ல என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு. பழைய வண்டிங்களோட விலை டவுன்ல ஏறிக்கிட்டே போகுது. எங்க பக்கத்து ஊர்கள்ல இருந்து மாசம் ஒரு வண்டியாவது பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரியேறிப் போகுது. சந்தோசம்தான். ஆனா வண்டிக்குக் குடுக்கிற விலையில நூத்துல ஒரு பங்கு கூட அதோட சாவிக்கும் புல்லருக்கும் யாரும் குடுக்கறது இல்லை. லேத்துக்கார அண்ணனோட பசங்க ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையில இருக்காங்க. தை மாசத்தோட பட்டறையை மூடறதா இருக்கார். லேத்தைக் கேக்க ஆள் வந்துட்டாங்க. அந்த மரப்பெட்டியைக் கேக்க ஒருத்தரும் வரலை. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து, பெட்டியோட சேத்துத் தூக்கிப் பாத்துட்டு எடைக்கு ஒரு விலை சொல்லிட்டுப் போயிருக்கார்.

நானும் சித்தப்பா மகனும் இப்போ ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். ராத்திரியில அண்ணனைத் திண்ணையில உக்கார வெச்சு, பெட்டியில இருக்கிற ஒவ்வொரு சாமானும் எந்த வண்டிக்கு, எந்த நட்டுக்கு, மரை எத்தனை, இடம் திரும்பறதா வலம் திரும்பறதான்னு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தகரச் சீட்டு வெட்டி எழுதிக் கட்டிக்கிட்டிருக்கோம். இது வரைக்கும் முப்பத்தோரு சாமான் ஆச்சு. பதினாலு எந்த வண்டியோடதுன்னு அவரே யோசிச்சுக்கிட்டிருக்கார். பெட்டிக்கு இரும்புக் கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல நூறு ரூவா நான் வெச்சிருக்கேன்.

உங்க தாத்தாவோட, மாமாவோட ஊர்ல இப்படி ஒரு பட்டறை மூடிக்கிட்டிருந்தா, பொங்கலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோட போங்க. அவரே சொல்ல ஆரம்பிச்சுடுவார், கேக்க ஆள் இருந்தாப் போதும்.

வர்றனுங்க.